மூன்றாவது கோட்டிங்



இந்த ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மாணவர் பேரவையில் கேட்டார்கள். எடிசனைப் பற்றி எழுதலாமா, நம்ம ஜி.டி. நாயுடுவைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருவரைப் பற்றியும் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது ஒரு தச்சரை. டென்மார்க் நாட்டில் ஒரு சின்ன கிராமத்தில் மரம் இழைத்தவர். 1958-இல் காலமானவர். பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன். உலகம் முழுக்கக் குழந்தைகள் ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டி விளையாடுகிறார்களே லெகோ கட்டைகள், அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் இவர்தான்.

டென்மார்க் தச்சருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அறுபது மேக்னட்

டிபார்ட்மென்ட் கண்காட்சிக்கு நிதி சேர்க்க ஹாஸ்டலில் நாங்கள் நாலு பேர் ஒரு யோசனை பண்ணினோம். பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற மேக்னட் செய்து விற்பது. சின்னப் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளைப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கினோம். அவற்றை அடுக்கி லாரி, வீடு, கோபுரம், பூ என்று குட்டிக் குட்டியாகச் செய்தோம். பின்பக்கம் ஒரு சின்ன பட்டன் காந்தம். நடுவில் ஒரு சொட்டு இன்ஸ்டன்ட் பசை. வேலை முடிந்தது! ஒரே ராத்திரியில் அறுபது. கண்காட்சி அன்று மதியத்துக்குள் எல்லாம் விற்றுப் போச்சு. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. ஒரு வீட்டில் கட்டை கீழே விழுந்துவிட்டது, காந்தம் மட்டும் கதவிலேயே நிற்கிறது. இன்னொரு வீட்டிலும் அதே கதை. அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அப்புறம்தான் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் எங்கள் நண்பன் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினான். அவன் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. அதனால் பீரோவில் இரண்டை ஒட்டி வைத்திருந்தார்கள். இரண்டுமே கழன்றிருக்கின்றன. அவன் அக்காவின் இரண்டு வயசுக் குழந்தை, மிளகு மாதிரி பளபளவென்று இருந்த அந்தக் காந்தங்களைக் கையில் எடுத்து வைத்திருந்ததாம். வாயில் போடுவதற்குள் பாட்டி பார்த்துவிட்டார்.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று எங்களில் ஒருவன் கேட்டான். ஒர்க் ஷாப் சார் விளக்கினார். ஒரு காந்தத்தை விழுங்கினால் அது பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நின்று ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிய குடல் சுவர் நசுங்கி ஓட்டை விழும். ஆபரேஷன்தான். நாங்கள் வாயடைத்துப் போனோம்.

கட்டையின் அடிப்பக்கத்தை எமரி போட்டுத் தேய்த்தீர்களா என்று சார் கேட்டார். இல்லை. எண்ணெய்ப் பசையைத் துடைத்தீர்களா? இல்லை. ஒட்டியபிறகு எத்தனை மணி நேரம் காய விட்டீர்கள்? தலையைக் குனிந்துகொண்டோம். அப்போது அவர் திட்டவில்லை. ஒரு மர வாத்துக் கதையைச் சொன்னார். அந்தக் கதை நடந்தது ஓலே கிர்க்கின் பட்டறையில். அதைக் கேட்ட பிறகுதான் அந்த மனிதரைத் தேடிப் படித்தேன்.

தச்சுப் பட்டறை

டென்மார்க்கின் ஜட்லாந்து பகுதியில், ஃபில்ஸ்கோவ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1891 ஏப்ரல் 7-ஆம் தேதி பிறந்தார் ஓலே கிர்க். பெரிய குடும்பம், சின்ன வருமானம். மணலும் புதருமான வறண்ட மண். பதினாலு வயதில் அண்ணனிடம் தச்சு வேலை பழகப் போனார். அப்புறம் ஜெர்மனிக்கும் நார்வேக்கும் போய் வேலை பார்த்தார். நார்வேயில்தான் கிறிஸ்டினைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார். சேர்த்த காசையெல்லாம் போட்டு 1916-இல் பில்லுண்ட் என்ற குக்கிராமத்தில் ஒரு தச்சுப் பட்டறையை விலைக்கு வாங்கினார்.

ஜன்னல், கதவு, அலமாரி, சவப்பெட்டி... ஊர்க்காரர்கள் கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தார். சுற்று வட்டாரத்தில் வீடு கட்டினால் ஓலே கிர்க்கைக் கூப்பிடுவார்கள். நம்ம பக்கத்தில் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பட்டறைகளில் வாசலில் மரச்சீவல் குவிந்து கிடக்குமே, உளிச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்குமே, அதே காட்சியைத்தான் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பில்லுண்டுக்கு அப்படி எந்தப் பெருமையும் அப்போது கிடையாது. ரயில் நிற்கும் ஒரு சின்ன ஸ்டேஷன் மட்டும் இருந்தது. அந்த ஸ்டேஷனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்ப வரும்.

ஓலே கிர்க்குக்கு நாலு பையன்கள். 1924-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களில் இரண்டு பொடியன்கள் யாருக்கும் தெரியாமல் பட்டறைக்குள் புகுந்து பசை காய்ச்சும் அடுப்பைப் பற்ற வைத்தார்கள். பக்கத்தில் மரச்சீவல். கேட்க வேண்டுமா! பட்டறையோடு வீடும் சேர்ந்து சாம்பலாகிவிட்டது. அந்த இருவரில் ஒருவன் பெயர் கோட்ஃப்ரெட். அப்போது அவனுக்கு வயது மூன்றுதான் முடிந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஊரை விட்டே போயிருப்பார்கள். இவர் முன்னைவிடப் பெரிய கட்டடமாகக் கட்டினார். கையில் காசு இல்லை. அதனால் தன் குடும்பத்தை ஒரு ஓரத்தில் குறுக்கிக்கொண்டு மீதியை வாடகைக்கு விட்டார். பெரிய பட்டறையைக் கட்டியது எவ்வளவு சரியான முடிவு என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

வேலை இல்லாத வருஷங்கள்

1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. அந்த அடி டென்மார்க் விவசாயி வரைக்கும் வந்து விழுந்தது. பாலுக்கும் பன்றிக்கும் விலை இல்லை. விவசாயி கையில் காசு இல்லாவிட்டால் தச்சருக்கு ஏது வேலை? நம்ம ஊரிலும் கரும்புக்குப் பணம் வராத வருஷம் கொத்தனாரும் ஆசாரியும் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள். ஓலே கிர்க் ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்த வேண்டி வந்தது.

1932 அவருக்கு மிக மோசமான வருஷம். மனைவி கிறிஸ்டின் இறந்துபோனார். நாலு பிள்ளைகள், வேலையில்லாத பட்டறை, கடன். பெரிய மரச் சாமான் வாங்க ஆள் இல்லை. அதனால் மிச்ச மரத்தில் சின்னச் சின்னப் பொருள்கள் செய்தார். சிறிய ஏணி, துணி தேய்க்கும் பலகை, அப்புறம் பொம்மை. மரக் கார், மர லாரி, கயிற்றைக் கட்டி இழுத்துப் போகும் மிருகங்கள்.

பொம்மையும் முதலில் விற்கவில்லை. கிட்டத்தட்டத் திவால் ஆகும் நிலை. கடன் வாங்க ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லி உடன்பிறந்தவர்களிடம் போனார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் உருப்படியாக ஏதாவது செய்யக்கூடாதா, இந்தப் பொம்மை வேலையை விட்டுவிடேன் என்று புத்தி சொன்னார்கள். அவர் பணத்தை வாங்கிக்கொண்டார். புத்தியை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

1934-இல் கம்பெனிக்கு ஒரு பெயர் வேண்டும் என்று தொழிலாளர்களுக்கு ஒரு போட்டி வைத்தார். பரிசு என்ன தெரியுமா? தானே வீட்டில் தயாரித்த ஒரு பாட்டில் ஒயின். கடைசியில் அவரே யோசித்த பெயர்தான் நின்றது. டேனிஷ் மொழியில் நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரண்டு சொற்கள்: லெக், கோட். இரண்டின் தலையையும் கிள்ளி ஒட்டினால் லெகோ!

அந்த நாட்களில் யோ-யோ என்ற விளையாட்டுச் சாமான் காய்ச்சல் மாதிரி பரவியது. இவரும் செய்து குவித்தார். திடீரென்று காய்ச்சல் இறங்கியது. மலை மலையாக யோ-யோ தேங்கிவிட்டது. தூக்கி எறிந்தாரா? இல்லை. ஒவ்வொன்றையும் நடுவில் அறுத்து இரண்டாக்கினார். மர லாரிகளுக்குச் சக்கரம் கிடைத்தது! ஸ்கிராப்பைச் சரக்காக்குவது எப்படி என்று நமக்கு எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு சுலபமாகச் சொல்லித் தரவில்லை.

வாத்துக் கதை

இப்போது எங்கள் சார் சொன்ன கதைக்கு வருகிறேன்.

கோட்ஃப்ரெட் பன்னிரண்டு வயதிலிருந்தே அப்பாவோடு பட்டறையில் நின்றவன். ஒருநாள் மர வாத்துகள் கொண்ட ஆர்டர் ஒன்றை முடித்து, பெட்டியில் அடைத்து, ரயில்வே ஸ்டேஷனில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தான். வாங்குவது டென்மார்க்கின் பெரிய கூட்டுறவுப் பண்டகசாலை. பையனுக்கு ஒரே சந்தோஷம். இன்றைக்கு கம்பெனிக்குக் காசு மிச்சம் பண்ணினேன் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னான். எப்படி என்று கேட்டார் அப்பா. வழக்கமாக வாத்துக்கு மூன்று கோட்டிங் வார்னிஷ் அடிப்பார்கள். இவன் இரண்டோடு நிறுத்திவிட்டான். பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்பா அடிக்கவில்லை, கத்தவில்லை. உடனே ஸ்டேஷனுக்குப் போய் எல்லாப் பெட்டியையும் திரும்ப எடுத்து வரச் சொன்னார். பிரித்து, ஒவ்வொரு வாத்துக்கும் மூன்றாவது கோட்டிங் அடித்து, காயவைத்து, மறுபடி கட்டி ஸ்டேஷனில் சேர்க்க வேண்டும். ராத்திரி முழுக்க ஆனாலும் சரி. உதவிக்கு ஆள் கிடையாது. தனியாகவே செய்ய வேண்டும்.

பையன் செய்தான். தரம் என்றால் என்ன என்பதை அந்த ஒரு ராத்திரியில் படித்துக்கொண்டான். தரத்தில் குறை வைக்கக் கூடாது என்ற பொருளில் அப்பாவின் வாசகத்தைப் பின்னாளில் மரப் பலகையில் தானே செதுக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டியவனும் அவன்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்போது அந்தக் கம்பெனி பணக்காரக் கம்பெனி இல்லை. ஜாமீன் கடனில் ஓடிக்கொண்டிருந்த பட்டறை. ஒரு டப்பா வார்னிஷ் மிச்சமானால் அன்றைக்கு அது பெரிய விஷயம். வசதி வந்தபிறகு தரம் பேசுவது சுலபம். வசதி வராத காலத்திலேயே மூன்றாவது கோட்டிங்கை விட்டுக்கொடுக்காமல் இருந்தாரே, அங்கேதான் ஓலே கிர்க் எனக்குப் பெரிய மனிதராகத் தெரிகிறார்.

மரத்திலிருந்து பிளாஸ்டிக்

1940-இல் ஜெர்மன் ராணுவம் டென்மார்க்கைப் பிடித்தது. 1942-இல் மறுபடியும் தீ. தொழிற்சாலை முழுக்கப் போச்சு. மாடல்கள், வரைபடங்கள் எல்லாம் போச்சு. அப்போது அவருக்கு வயது ஐம்பது. இனி வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் பட்டறையை நம்பி இருந்த ஆட்களை என்ன செய்வது? மறுபடியும் கட்டடம் எழுப்பினார்.

போர் முடிந்தபின் 1946-இல், இங்கிலாந்தில் தயாரான பிளாஸ்டிக் இஞ்செக்ஷன் மோல்டிங் மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தார். நம் ஒர்க் ஷாப்பில் தியரியாகப் படிக்கிறோமே, அதேதான். குருணை பிளாஸ்டிக்கைச் சூட்டில் உருக்கி, அழுத்தத்தோடு இரும்பு அச்சுக்குள் செலுத்தி, ஆறியதும் திறந்தால் பொருள் ரெடி. விலையோ தலை சுற்றும் விலை. தச்சனுக்கு எதற்கு பிளாஸ்டிக் என்று வீட்டிலேயே எதிர்ப்பு. வாழ்நாள் முழுக்க மரத்தைத் தொட்டவர், ஐம்பத்தைந்து வயதில் புதுப் பொருளைக் கையில் எடுத்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் கட்டை ஓலே கிர்க்கின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் அத்தகைய கட்டைகளை ஏற்கெனவே விற்றுவந்தார். அதன் மாதிரி ஒன்று பில்லுண்டுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்த்து, அளவைக் கொஞ்சம் மாற்றி, 1949-இல் லெகோ தன் கட்டைகளை விற்க ஆரம்பித்தது. பேஜ் 1957-இல் காலமானார். கிட்டிகிராஃப்டின் உரிமையை லெகோ பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது 1981-இல்தான். நல்லவர் வரலாற்றிலும் இப்படி ஒரு பக்கம் இருக்கத்தான் செய்கிறது.

கட்டைகளும் முதலில் ஓடவில்லை. கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். காரணம் கட்டையிலேயே இருந்தது. மேலே குமிழ் இருந்தது, ஆனால் அடிப்பக்கம் வெறும் குழி. ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். ஆனால் பிடிக்காது. தட்டினால் சரிந்துவிடும்.

1951-இல் ஓலே கிர்க்குக்குப் பக்கவாதம் வந்தது. பொறுப்பு மெல்ல மெல்ல கோட்ஃப்ரெட் கைக்கு வந்தது. ஆமாம், மூன்று வயதில் பட்டறையைக் கொளுத்தியவன், சின்ன வயதில் வாத்துக்கு இரண்டு கோட்டிங் அடித்தவன்! 1955-இல் அவர் கட்டைகளைத் தனிப் பொம்மையாக இல்லாமல், எதனோடும் எது வேண்டுமானாலும் சேரும் ஒரு முழுத் திட்டமாக விற்க ஆரம்பித்தார். அப்படியானால் பிடிப்பு சரியாக இருந்தே ஆக வேண்டும். அடிப்பக்கத்தை எப்படிச் செய்வது என்று பல விதமாக முயன்று பார்த்தார்கள்.

அடிப்பக்கத்துக் கணக்கு

விடை ஒரு குழாய். அடிப்பக்கக் குழியில் சின்னச் சின்னக் குழாய்களை நிறுத்தினார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும், பாருங்கள்.

கட்டையில் பக்கத்துப் பக்கத்துக் குமிழ்களின் மையங்களுக்கு நடுவே 8 மி.மீ. குமிழின் விட்டம் 4.8 மி.மீ. நாலு குமிழ்கள் சேர்ந்து ஒரு சதுரம். அந்தச் சதுரத்தின் மூலைவிட்டம் 8-ஐ √2-ஆல் பெருக்கினால் வரும்: 11.31 மி.மீ. அதில் இரண்டு பக்கமும் பாதிப் பாதிக் குமிழ் போனால், அதாவது 4.8-ஐக் கழித்தால், மிச்சம் 6.51 மி.மீ. அந்தக் குழாயின் வெளி விட்டம் அதுதான்! நாலு குமிழ்களின் நடுவே குழாய் இறங்கி, நாலையும் தொட்டு இறுக்கிப் பிடிக்கிறது. குழாயின் உள் விட்டமும் ஒரு குமிழ் சரியாக நுழையும் அளவுதான். அளவு கொஞ்சம் கூடினால் குழந்தையால் பிரிக்க முடியாது. கொஞ்சம் குறைந்தால் நிற்காது. அதனால் அச்சுகளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாகச் செய்கிறார்கள். பிட்டிங் ஷாப்பில் ஒரு சதுரத் துண்டை அளவுக்குக் கொண்டுவர நாம் படும் பாட்டை நினைத்தால் இதன் அருமை புரியும்.

1958 ஜனவரி 28-ஆம் தேதி இந்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார்கள். அதற்கு ஆறே வாரத்தில், மார்ச் 11-ஆம் தேதி, மாரடைப்பில் ஓலே கிர்க் காலமானார். வயது அறுபத்தாறு. தன் கட்டை உலகத்தை ஆளப்போவதை அவர் பார்க்கவில்லை. ஆனால் அது சரியாகப் பிடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

1960-இல் இன்னொரு தீயில் மரப் பொம்மைக் கிடங்கு எரிந்தது. அதோடு மரப் பொம்மை செய்வதை நிறுத்தினார்கள். 1963-இலிருந்து ஏ.பி.எஸ். என்ற உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 1958-இல் அச்சடித்த கட்டை இன்றைய கட்டையோடு இன்றும் மாட்டுகிறது. எட்டுக் குமிழ் கட்டைகள் ஆறு கொடுத்தால் அவற்றை 91 கோடியே 51 லட்சத்துக்கும் மேற்பட்ட விதங்களில் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் அந்த அடிப்பக்கத்துக் குழாயால் வந்தது. வாங்குபவர் யாரும் திருப்பிப் பார்க்காத பக்கம்!

மறுபடியும் அறுபது

வாத்துக் கதையைக் கேட்ட அன்று மாலையே நாங்கள் முடிவு பண்ணினோம். விற்ற அறுபதையும் திரும்ப வாங்குவது. நோட்டீஸ் போர்டில் எழுதினோம், வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னோம், டீக்கடையில் சொன்னோம். நண்பன் வீட்டுக்கு நாங்களே போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, பஸ் மலை ஏறியது. வெள்ளிமலையில் இறங்கி நடந்தோம். அந்தப் பாட்டி இரண்டு காந்தங்களையும் ஒரு பழைய தைல டப்பாவில் போட்டு, குழந்தைக்கு எட்டாதபடி பரண்மேல் பத்திரமாக வைத்திருந்தார். எங்களைத் திட்டவும் இல்லை. சாமைச் சோறு போட்டுத்தான் அனுப்பினார். அதுதான் எங்களுக்கு அதிகமாக வலித்தது.

திரும்பி வந்தவற்றை எப்படிச் சரி செய்தோம் என்று எழுதுகிறேன். அடுத்த வருஷம் செய்பவர்களுக்கு உதவும்.

கட்டையின் அடிப்பக்கம் குழி. விளிம்பும் குழாய் முனையும் மட்டும்தான் காந்தத்தைத் தொடும். அங்கே ஒரு சொட்டுப் பசை எப்படி நிற்கும்? அதனால் குழியின் உட்புறத்தை எமரித் தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்க வேண்டும். காந்தத்தின் பளபளப்பையும் லேசாகத் தேய்க்க வேண்டும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிட வேண்டும். அசிட்டோன் மட்டும் வேண்டாம், அது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். எம்-சீல் மாதிரி எபாக்ஸியைப் பிசைந்து குழி முழுக்க அடைக்க வேண்டும்.

காந்தம் விஷயத்தில் நாங்கள் சின்ன பட்டன் காந்தத்தை விட்டுவிட்டோம். அது நியோடைமியம் வகை. அளவு சின்னது, இழுப்பு ரொம்ப அதிகம். குழந்தை உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் பழைய பிரிட்ஜ் கதவின் ரப்பர் கேஸ்கட்டை மெக்கானிக் கடையில் கேட்டு வாங்கினோம். அதற்குள் பட்டையாக ஒரு காந்த நாடா ஓடுகிறது. கதவை இழுத்து மூடுவதே அதுதான். ஃபெரைட் தூளை ரப்பர் மாதிரிப் பொருளில் கலந்து செய்தது. இழுப்பு கொஞ்சம் குறைவு. அதனால் கட்டையின் முழு நீளத்துக்கு வெட்டி, இரண்டு பட்டையாகப் பதித்தோம். காந்தம் கதவைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நடுவில் காகித கனத்துக்கு இடைவெளி விட்டாலும் இழுப்பு குறைந்துவிடுகிறது. அதனால் எபாக்ஸி ஈரமாக இருக்கும்போதே ஒரு தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துக் கவிழ்த்து, மேலே பாரம் வைத்தோம். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. அப்புறம் ஒவ்வொன்றையும் இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்த்தோம். மேஜை உயரத்திலிருந்து பத்துத் தடவை கீழே போட்டோம். நின்றதைத்தான் கொடுத்தோம்.

இன்னொன்று. கண்ணாடி முகப்பு வைத்த பிரிட்ஜிலும் சில வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கதவிலும் எந்தக் காந்தமும் ஒட்டாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும்.

வெள்ளிமலை நண்பன் ஒரு படி மேலே போனான். ஊரில் ஒரு மரச்சிற்பப் பட்டறையில் கழிவாகக் கிடந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி, இழைத்து, எட்டுக் குமிழ் கட்டை மாதிரியே செதுக்கிக் காந்தப் பட்டை பதித்தான். வார்னிஷ் எத்தனை கோட்டிங் அடித்தான் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஓலே கிர்க் மரத்தில் ஆரம்பித்துப் பிளாஸ்டிக்குக்குப் போனார். இவன் பிளாஸ்டிக்கிலிருந்து மரத்துக்கு வந்தான். பாட்டி வீட்டுப் பீரோவில் இப்போது இருப்பது அதுதான்.

இந்த வேலையில் எங்களுக்கு லாபம் ஒரு பைசா இல்லை. கண்காட்சியில் கிடைத்த காசு கேஸ்கட்டுக்கும் எபாக்ஸிக்கும் பஸ்ஸுக்கும் சரியாய்ப் போனது. நம்மில் பலர் இன்னும் சில மாதங்களில் ஏதோ ஒரு கம்பெனியில் மெஷின் முன்னால் நிற்போம். யாரும் திருப்பிப் பார்க்காத ஒரு போல்ட், யாருக்கும் தெரியாத ஒரு வெல்டிங் நம் கையில் இருக்கும். அன்றைக்கு இரண்டு கோட்டிங் போதும் என்று மனசு சொல்லும். பில்லுண்ட் ஸ்டேஷனுக்கு ராத்திரியில் வண்டி தள்ளிக்கொண்டு போன அந்தப் பையனை அப்போது நினைத்துக்கொள்வோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அறுபதில் ஐம்பத்து நாலு திரும்பி வந்துவிட்டன. ஆறு இன்னும் வரவில்லை. இதைப் படிக்கிற உங்களில் யார் வீட்டிலாவது பிளாஸ்டிக் லாரியோ, வீடோ, பூவோ பிரிட்ஜ் கதவில் இருந்தால், திருப்பிப் பாருங்கள். பின்னால் வெள்ளியாய் மின்னும் சின்ன உருண்டைக் காந்தம் இருந்தால் உடனே எடுத்து வந்து ஹாஸ்டலில் கொடுங்கள். புதியது தருகிறோம். வீட்டில் குழந்தை இருந்தால் நாளைக்கு என்று இருக்காதீர்கள். இன்றைக்கே கழற்றி உயரத்தில் வையுங்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை